சிறப்பு வகுப்புக்கு ஆள் பிடித்த கதை

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதிக்கொள்வது. நலம், நலமறிய அவா என்று தொடங்குவதுதான் முறை. இங்கே நலம் இல்லாததால் முதல் பாதியை விட்டுவிட்டேன். உங்கள் நலமறிய அவா மட்டும் குறையாமல் இருக்கிறது. மாப்பிள்ளைக்கு முதுகுவலி தேவலையா? சின்னவனுக்குப் பல் முளைத்துவிட்டதா? போனை எடுத்துப் பேசாமல் இவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று பதறாதே. போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று யோசனை சொல்லிவிடுவாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. அந்த ஒரு வசதிக்காகத்தான் இந்தக் காலத்திலும் தபால்பெட்டியை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

விலையைச் சொல்லிவிட்டுச் சரக்கைப் பிரிப்பது என் வழக்கம். ஆகவே முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் சின்னப் பெண் மிளகை உன்னிடம் அனுப்புகிறேன். அவளைப் போன்ற பிள்ளைகளுக்கென்றே உன் வீட்டுப் பக்கத்தில் ஒரு தனிப்பள்ளி இருக்கிறது, எங்களோடு தங்கிப் படிக்கட்டும் என்று போன வருடத்திலிருந்து நீ சொல்லிக்கொண்டிருக்கிறாய். ‘எட்டு வயசுப் பிள்ளையை எவன் ஊர்விட்டு ஊர் அனுப்புவான்’ என்று நான்தான் உன்னிடம் கத்தினேன். கத்தினவனே இப்போது அனுப்புகிறேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் வருகிறோம். அண்ணி நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மேசையில் வைக்கிற சத்தத்திலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள்.

இங்கேயே, அவள் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு போகிற அதே பள்ளிக்கூடத்திலேயே, மிளகுக்கு ஒரு வகுப்பு வந்திருக்க வேண்டியது. அறை வந்தது, ஆசிரியை வந்தார், கரும்பலகை வந்தது. ஆறு பிள்ளை வேண்டும் என்றார்கள். ஒரே ஒரு பிள்ளை குறைந்து எல்லாம் போயிற்று. அது எப்படி என்று சொல்கிறேன், கேள். நீ கேட்காவிட்டாலும் நான் எழுதத்தான் போகிறேன். வேறு யாரிடமும் சொல்ல முடியாதபடி ஊரில் பாதிப் பேரோடு சண்டை போட்டு வைத்திருக்கிறேன்.

கோடை விடுமுறையில் தலைமையாசிரியை கடைக்கு வந்தார். கதவுக் கீல் நான்கு வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன். பிறகு கைப்பையை மூடிக்கொண்டே, “கல்வி ஆபீஸ்ல ஒரு ஸ்பெஷல் டீச்சர் தர்றேன்னு சொல்றாங்க சார். நாம ஒரு ரூம் ஒழிச்சுக் கொடுக்கணும், டாக்டர் பேப்பரோட ஆறு பிள்ளைங்க காட்டணும். நீங்க பெற்றோர் சங்கத் தலைவரா இருந்தா நடக்கும்” என்றார். கீல் கேட்டு வந்தவரைக் கீலோடு அனுப்புவதுதான் வியாபாரம். நான் கீலையும் கொடுத்து, கூடவே நானும் போனேன். உனக்கு மிளகின் வகுப்பு தெரியாது. நாற்பத்திரண்டு பிள்ளைகள், ஒரே டீச்சர், ஒரே மின்விசிறி. மணி அடித்தால் இவள் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய்விடுவாள். மற்ற பிள்ளைகள் ஒரு பக்கம் படித்து முடிக்கிற நேரத்தில் இவள் ஓர் எழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள். அந்த டீச்சரைக் குற்றம் சொல்லமாட்டேன். நாற்பத்திரண்டு வாடிக்கையாளர் ஒரே நேரத்தில் கடைக்குள் நின்றால், சத்தம் போடாத ஆளை நானும்தான் கவனிக்கமாட்டேன். அதனால் சரி என்றேன். ஆறு பிள்ளை பிடிப்பது என்ன பெரிய காரியம்? சைக்கிளில் ஆணி மூட்டை கட்டித் தெருத்தெருவாக விற்றவன் நான். கதவே இல்லாத வீட்டுக்குத் தாழ்ப்பாள் விற்றிருக்கிறேன்.

முதலில் அறை. இருந்தது ஒரு பண்டக அறை. அதற்குள் கால் உடைந்த பெஞ்சுகள், நாடகத்துக்குச் செய்த அட்டைச் சிம்மாசனம், இல்லாமல் போன நாடுகளெல்லாம் இருக்கிற பழைய வரைபடங்கள், அறிவியல் பாடத்துக்கு வாங்கிய ஒரு முழு எலும்புக்கூடு, இவற்றுக்கு மேலே விளையாட்டு வாத்தியாரின் பந்துகள். எல்லாவற்றையும் நகர்த்த ஒப்புக்கொண்டார்கள், பந்து வாத்தியாரைத் தவிர. “என் பந்துக்கு வெயில் ஆகாது சார்” என்றார். பந்து வெளியில்தானே ஐயா விளையாடுகிறது என்று கேட்டேன். “அது டூட்டி. இது ரெஸ்ட்” என்றார். ஒரு வாரம் கெஞ்சிப் பந்துகளை மாடிப்படிக்கு அடியில் குடிவைத்தோம். எலும்புக்கூட்டுக்கு மட்டும் இடம் அமையவில்லை. மூன்று நாள் தலைமையாசிரியை அறையில் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, “பரவாயில்லைங்க, அவசரம் இல்ல, இன்னொரு நாள் வர்றேன்” என்று திரும்பிப் போனாராம்.

அடுத்தது வண்ணம். நம் கடைச் சரக்கு, நம் செலவு, நல்ல ஆரஞ்சு நிறமாக இரண்டு கோட் அடிக்கச் சொன்னேன். குழந்தைகள் அறை என்றால் பளிச்சென்று இருக்க வேண்டாமா? புதிதாக வந்த சிறப்பு டீச்சர் சின்னப் பெண்தான், பேச்சு மென்மையாக இருக்கும், பிடி இரும்பாக இருக்கும். கதவோரம் நின்று பார்த்தார். “சார், இந்தக் கலர் ரொம்பச் சத்தம் போடுது” என்றார். எனக்கு வந்ததே கோபம். முப்பது வருடமாகப் பெயின்ட் விற்கிறேன். உரியும், வெளுக்கும், குமிழி விடும். சத்தம் போட்ட பெயின்டை நான் பார்த்ததில்லை. அதையே அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது மிளகு வந்தாள். வாசலில் நின்றாள். உள்ளே பார்த்தாள். காது இரண்டையும் பொத்திக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். டீச்சர் சுரண்டுகிற தகடு ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். மறுநாள் முழுக்கச் சுரண்டிவிட்டு, மழைக்கு முந்திய வானம் மாதிரி ஒரு சாம்பல் பச்சை அடித்தோம். கடையில் எட்டு வருடமாக யாரும் தொடாத நிறம் அது.

இனிதான் என் தலையெழுத்து வருகிறது. தலையெழுத்து என்று சும்மா சொல்லவில்லை, அந்த எழுத்தை எழுதியதே நான்தான். தலைமையாசிரியை ஓர் அறிவிப்பு எழுதிக் கொடுத்தார்: ‘கற்றலில் கூடுதல் உதவி தேவைப்படும் மாணவ மாணவியருக்கான சிறப்பு வகுப்பில் சேர விரும்பும் பெற்றோர்’ என்று தொடங்கி, மூச்சு வாங்காமல் அரைப் பக்கம் போனது. பலகையோ மூன்றடிக்கு இரண்டடி. கடைப்பலகை எழுதி எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? உமியை ஊதிவிட்டு அரிசியை மட்டும் எடுத்தேன். ‘நம் பள்ளியில் சிறப்பு வகுப்பு! தனி ஆசிரியை! தனி அறை! ஆறே இடங்கள்! முந்துங்கள்!’ சிவப்பில் எழுதிக் கறுப்பில் நிழல் கொடுத்து வாசலில் மாட்டச் சொன்னேன். தலைமையாசிரியை அன்று கூட்டத்துக்குப் போயிருந்தார். போனது என் கெட்ட நேரம்.

உனக்குத் தெரியாததா? ஸ்பெஷல் டீ என்றால் பால் கூடுதல். ஸ்பெஷல் கிளாஸ் என்றால், கெட்டிக்காரப் பிள்ளையை மேலும் கெட்டிக்காரனாக்குகிற இடம். சிறப்பு என்ற சொல்லுக்கு நம்மவர்களிடம் ஒரே பொருள்தான்: பக்கத்து வீட்டுக்காரனுக்குக் கிடைக்காதது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாயிற்காவல் அம்மா போன் செய்தார். “ஐயா, சீக்கிரம் வாங்க, கேட்டைத் தள்ளுறாங்க.” போய்ப் பார்த்தால் தெருமுனை வரை வரிசை. அறுபத்து மூன்று பேர். முதல் ஆள் மருந்துக்கடைக்காரர். மகன் வாங்கிய கோப்பைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அவர் நடந்தால் பாத்திரக்கடை நடக்கிற மாதிரி இருந்தது. “சார், நாம ஒரே தெருவுல கடை வெச்சிருக்கோம். என் பையனுக்கு இல்லாத ஸ்பெஷல் யாருக்கு சார்?” என்றார். ஓர் அம்மா கை நிறையச் சான்றிதழ். இன்னொருவர் யாரோ பெரிய இடத்துச் சிபாரிசுக் கடிதம். சிறப்பு டீச்சர் பாவம், ஒவ்வொருவரிடமும் பொறுமையாகச் சொன்னார், இது வேறு வகுப்பு, எழுத்துத் தடுமாறுகிற, பேச்சுத் தாமதமான பிள்ளைகளுக்கானது என்று. பாதிப் பேருக்கு அது இடமில்லை என்பதற்கான சாக்காகவே பட்டது. மருந்துக்கடைக்காரர் கண்ணடித்துவிட்டு மகன் பக்கம் திரும்பினார். “டேய், மிஸ்ஸுக்குப் பாட்டுப் பாடம் ஒப்பி. கொஞ்சம் தடுமாறி ஒப்பி.” அந்தப் பையன் பிறந்ததிலிருந்து தடுமாறியதில்லை. கணீரென்று கடைசி வரி வரை ஒப்பித்துவிட்டான். “தடுமாறச் சொன்னா தடுமாற மாட்டியா? உனக்கெல்லாம் எதுக்குடா படிப்பு!” என்று முதுகில் ஒன்று வைத்தார்.

பத்து மணிக்குத் தலைமையாசிரியை வந்து, பலகையைப் படித்து, என்னைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் படித்தார். பிறகு மைக்கைப் பிடித்து அரைப் பக்கத்தையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். அதற்குப் பிறகு நடந்ததை மாயாஜாலக் காட்சியில்கூட நீ பார்த்திருக்கமாட்டாய். வாசிக்க வாசிக்க வரிசை கரைந்தது. “நான் சும்மா விசாரிக்க வந்தேன்” என்றார் ஒருவர். “நாங்க பஸ்ஸுக்கு நிக்கிறோம்” என்றாள் ஓர் அம்மா. அந்தத் தெருவில் பஸ்ஸே வராது. மருந்துக்கடைக்காரர் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கி, எட்டாகக் கிழித்து, அந்த எட்டையும் பையில் போட்டுக்கொண்டு போனார். குப்பைத்தொட்டியில் போட்டால் யாராவது ஒட்டிப் படித்துவிடுவார்களாம். பதினொரு மணிக்கு அறுபத்து மூன்று என்பது பூஜ்யம். என் வியாபார வாழ்க்கையில் ஒரே சொல் சரக்கை விற்றதையும், அதே சொல் அதே சரக்கைத் திருப்பி அனுப்பியதையும் ஒரே காலையில் பார்த்தேன்.

அதோடு விட்டார்களா? சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். மருந்துக்கடைக்காரர் எழுந்து, “மத்த பிள்ளைங்களோட எதிர்காலம் என்ன ஆகிறது? ஒரே காம்பவுண்டுக்குள்ள இருந்தா இவங்களுக்கும் வந்துடாதா?” என்று கேட்டார். நான் தலைவர் நாற்காலியில் இருக்கிறேன் என்பதை மறந்துவிட்டேன். “வந்துடறதுக்கு அது என்ன சளியா? ஊருக்கெல்லாம் மருந்து விக்கிறவர் பேசுற பேச்சா இது?” என்றேன். “அப்ப உங்க பொண்ணை என் பையன் பக்கத்துல உட்கார வைங்க, பார்ப்போம்” என்றார். “உங்க பையன் பக்கத்துல உட்கார்ந்தா என் பொண்ணுக்கு எதுவும் ஒட்டாதுங்கிற தைரியம் எனக்கு இருக்கு. ஒட்டறதா இருந்தா இந்நேரம் அவனோட மார்க் ஒட்டியிருக்கணும்” என்றேன். கூட்டம் சிரித்தது. சிரிப்போடு முடிந்தது, கையெழுத்து ஒன்றும் விழவில்லை.

சரி, வாடிக்கையாளர் கடைக்கு வராவிட்டால் கடை வாடிக்கையாளரிடம் போக வேண்டும். நம் வீட்டுப் பிள்ளை எப்படியும் உண்டு. வெளியிலிருந்து ஐந்து பேர் பிடித்தால் போதும். சிறப்பு டீச்சர் பெயர் எதுவும் சொல்லமாட்டேன் என்றுவிட்டார். நானாக யோசித்து யோசித்து, சாயங்காலங்களில் கடையைக் கணக்கு எழுதுகிற பெரியவர் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பினேன். சலவைக்கடை அம்மாதான் முதல் போணி. இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலே கேட்டார்: “ரெண்டு வருசமா இவன் கடைசி பெஞ்சுல தூங்கிட்டு வர்றான். அங்க போனா முழிச்சிருப்பானா?” முழித்திருப்பான் என்றேன். “எங்க கையெழுத்துப் போடணும்?” அவ்வளவுதான். எல்லாரும் இப்படி இருந்திருந்தால் உலகத்தில் எனக்கு ரத்தக்கொதிப்பு வந்திருக்காது.

பஸ் கண்டக்டருக்கு இரட்டைப் பிள்ளைகள், இருவருக்கும் பேச்சு வரத் தாமதம். வீட்டில் ஆளைப் பிடிக்க முடியாது; ஆகவே பஸ்ஸில் ஏறினேன். அவர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே முன்னும் பின்னும் போக, நானும் பின்னாலேயே போக, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பி வந்தேன். இறங்கும்போது, “அண்ணே, பஸ்ஸுல சொன்னா எல்லாருக்கும் கேட்குமேன்னுதான் பதில் சொல்லல. ரெண்டு பேரையும் எழுதிக்குங்க” என்று காதோடு சொல்லி விசில் அடித்தார். ஒரே வீட்டில் இரண்டு. எந்தச் சரக்குக்கும் எனக்கு இப்படி ஒரு தள்ளுபடி கிடைத்ததில்லை.

நான்காவது ஆளைக் கேட்டால் சிரிப்பாய். அதே பள்ளியின் கணக்கு டீச்சர். மகனுக்கு எண்கள் தலைகீழாகத் தெரிகின்றன. இரண்டு வருடமாக வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லிக் கொடுக்கிறாராம். “கணக்கு டீச்சர் பையனுக்கே கணக்கு வரலேன்னா என்கிட்ட யார் சார் படிப்பாங்க?” என்று அழுதார். “டீச்சர், எங்க வீட்டுச் சுவரை வந்து பாருங்க. பெயின்ட் கடைக்காரன் வீட்டுச் சுவருதான் ஊர்லயே மோசம். அதுக்காக என் கடைக்கு யாரும் வராம இல்ல” என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். போட்டது அழகான கையெழுத்து.

ஐந்தாவது தையல்காரர். எப்போதும் கழுத்தில் டேப் தொங்குவதால் ஊரில் அவருக்கு டேப் என்றே பெயர். அவர் மகள் எழுதுவதெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திரும்பி விழுகிறது. “என் பொண்ணுக்கு என்ன குறைச்சல்?” என்று கத்தரிக்கோலை மேசையில் தட்டினார். குறைச்சல் ஒன்றும் இல்லை, எழுத்துத்தான் திரும்பி விழுகிறது என்றேன். “திரும்பி விழுந்தா என்ன? துணியையும் உள்பக்கம் வெளியில போட்டுத்தான் தைக்கிறோம். தைச்சு முடிச்சுப் புரட்டினா சரியாயிடுது.” “புரட்டறதுக்கு ஒரு ஆள் வேணும்ல டேப்பு? அந்த ஆளுதான் அந்த டீச்சர்.” ஒரு சட்டைக்குப் பொத்தான் கட்டி முடித்தார். பிறகு விண்ணப்பத்தை வாங்கினார். ஐந்து பேர்! மூன்று வாரம்! மிளகோடு ஆறு! நான் தெருவில் நடந்த நடையை நீ பார்த்திருக்க வேண்டும். இந்த நான்கு வீட்டுக்கும் போய்ப் போய் ஒரே பேச்சைத்தான் பேசினேன்: கௌரவத்தைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள். சொல்லிச் சொல்லி எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது.

நேற்று வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரி வந்தார். அறையைப் பார்த்தார், நிறம் நன்றாக இருக்கிறது என்றார். டீ குடித்தார். விண்ணப்பக் கோப்பைத் திறந்தார். ஒரு தாள், இரண்டு தாள் என்று விரலை நனைத்து நனைத்து எண்ணினார். “அஞ்சுதானே இருக்கு?” நான் சிரித்தேன். மறுபடி எண்ணச் சொன்னேன். மறுபடியும் ஐந்து. “திங்கக்கிழமை பதினோரு மணி வரைக்கும் பார்க்கலாம். ஆறு இல்லேன்னா டீச்சரை வேற ஸ்கூலுக்கு மாத்திடுவோம். அங்க பதினாலு பேர் காத்திருக்காங்க” என்று எழுந்து போனார். யாரோ ஒருவர் நைசாக வந்து விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்! யார் என்று தலைமையாசிரியையைக் கேட்டேன். “அது அந்தப் பெற்றோரோட சொந்த விஷயம் சார். வெளியே சொல்லக் கூடாது” என்று கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். “நீங்க கொஞ்சம் உட்காருங்க, தனியா பேசணும்” என்றார். எனக்கு உட்கார ஏது நேரம்? அவர் சொல்லாவிட்டால் எனக்குத் தெரியாதா?

நேராகத் தையற்கடைக்குப் போனேன். கடை நிறைய ஆள். “டேப்பு, கொடுத்த வாக்கைத் துணி மாதிரி வெட்டிட்டியே! கௌரவம் பார்த்துப் பார்த்து உன் பொண்ணையும் கெடுத்து என் பொண்ணையும் கெடுத்துட்டியே! உனக்கெல்லாம் டேப்பு எதுக்கு, உன் மனசு அரை அங்குலம்கூட இல்ல!” என்று இன்னும் எழுத முடியாத சிலவும் சொன்னேன். “நான் இல்லண்ணே” என்று மட்டும் சொன்னார். அளவெடுத்துக்கொண்டிருந்த ஆளின் இடுப்பில் டேப்பைப் பிடித்தபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் இல்லை என்றால் கண்டக்டராக இருக்குமோ என்று பஸ் நிலையத்துக்குப் போனேன், அங்கேயும் கத்தினேன். கணக்கு டீச்சருக்குப் போன் செய்து, அவரையும் அழவைத்தேன். மூன்று பேரும் நான் இல்லை நான் இல்லை என்கிறார்கள். சலவைக்கடை அம்மாவை மட்டும் கேட்கவில்லை; அவர் கையில் சூடான இஸ்திரிப் பெட்டி இருந்தது.

ஆகவே, தங்கச்சி, போதும். இந்த ஊருக்கு நல்லது செய்ய என்னால் ஆகாது. தலைவர் பதவியை உதறிவிட்டேன், கடிதமும் எழுதிவிட்டேன். மிளகை அழைத்து வருகிறேன். அவளைப் பற்றி உனக்குச் சில விஷயம் தெரிய வேண்டும். காலுறையை உள்பக்கம் வெளியே வருகிற மாதிரிதான் போடுவாள், தையல் விரலில் உறுத்துமாம், திருத்தாதே. மிக்ஸி போடும் முன்னால் ‘சத்தம் வரப் போகுது’ என்று சொல்லிவிட்டுப் போடு. கேள்வி கேட்டால் உடனே பதில் வராது. மனதுக்குள் பத்து வரை எண்ணு. ஒன்பதில் நீ வாயைத் திறந்துவிடுவாய் என்று எனக்குத் தெரியும், திறக்காதே. தூங்கும்போது அக்காவின் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். அதற்கு அங்கே என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியவள் நேற்று, “அப்பா, அவ எப்ப திரும்பி வருவா?” என்று கேட்டாள். நான் பத்து வரை எண்ணினேன். பதில் வரவில்லை.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். குனிந்து எதையும் தூக்க வேண்டாம் என்று சொல். பெரியவனுக்கும் சின்னவனுக்கும் என் ஆசிகள்: நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, யாருக்கும் பயப்படாமல் வளரட்டும். உனக்கும் அதே ஆசி. சாப்பாட்டை மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள். ஞாயிறு ரயில் நிலையத்துக்கு மாப்பிள்ளையை அனுப்பு. என் முடிவில் மாற்றம் இல்லை.

இப்படிக்கு,
முன்னாள் தலைவரும்
உன் அன்பு அண்ணனும்

பி.கு.: திங்கட்கிழமை மதியம் எழுதுகிறேன். சனிக்கிழமை எழுதிய கடிதத்தை உறையில் போட்டுத் தபால்தலை ஒட்டச் சொல்லி அண்ணியிடம் கொடுத்திருந்தேன். அவள் ஒட்டாமல் படித்திருக்கிறாள். படித்துவிட்டு, மூன்று நாளில் முதல் முறையாகப் பேசினாள்: “ஆறாவது ஆள் யாருன்னு ஊரெல்லாம் போய்ச் சண்டை போட்டீங்களே. மிளகு ஃபாரம் எங்க?” எங்கே இருக்கும், பள்ளிக்கூடத்தில்தான் என்றேன். அவள் என் கடைப் பையை எடுத்துக் கவிழ்த்தாள். பெயின்ட் நிறங்களின் மாதிரி அட்டைக்கு நடுவே டாக்டர் பேப்பரோடு சேர்த்து மடித்தபடி இருந்தது. பெயர், பிறந்த தேதி, முகவரி எல்லாம் என் கையெழுத்தில். ‘பிள்ளைக்கு என்ன சிரமம்’ என்று கேட்ட இடம் வெறுமை. கீழே கையொப்பமும் வெறுமை.

மறந்துவிட்டேன் என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய். ஆனால் நம் கடையில் எந்த டப்பாவில் எந்தத் திருகாணி என்பதைக்கூட நான் மறந்ததில்லை. மூன்று வாரமாக அந்த அட்டையைத் தினமும் பத்து முறை பிரித்திருக்கிறேன். நான்கு வீட்டில் போய்ப் பேசிய பேச்சை நம் வீட்டில் பேச எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தை நிரப்பிவிட்டால் அது எழுத்தாகிவிடும் என்று பயம்.

இன்று காலை ஒன்பது மணிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமையாசிரியை வாங்கிக்கொண்டு, “மூணு தடவை கேட்டேன், மூணு தடவையும் ‘நம்ம வீட்டுது இருக்கு டீச்சர்’னீங்க. வெள்ளிக்கிழமை தனியா சொல்லலாம்னா நிக்காம ஓடிட்டீங்க” என்றார். என் ராஜினாமாக் கடிதத்தையும் கையோடு திருப்பிக் கொடுத்தார். அதில் இரண்டு எழுத்துப்பிழை இருந்ததால் ஏற்க முடியாதாம். பத்தே முக்காலுக்கு அதிகாரி ஆறு என்று எண்ணினார். நாளை முதல் வகுப்பு. கணக்கு டீச்சரிடமும் கண்டக்டரிடமும் மன்னிப்புக் கேட்டாயிற்று. கடைசியாகத் தையற்கடைக்குப் போனேன். அங்கேயும் கடை நிறைய ஆள். அதே ஆட்கள் முன்னால்தான் சொல்ல வேண்டியிருந்தது. டேப் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அளவு எடுக்கும்போது வயித்தை எக்கிக்கிட்டு நிக்கிறவங்கதாண்ணே அப்புறம் சட்டை பத்தலேன்னு சண்டைக்கு வருவாங்க. விடுங்க.” பிறகு என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி, தோளிலிருந்து தோளுக்கு டேப்பை வைத்தார். சட்டை தைக்கக் கொடுக்கவே இல்லையே என்றேன். “மூச்சை விடுங்க” என்றார்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை ரயில் நிலையத்துக்கு யாரும் வர வேண்டாம். மேலே எழுதியதில் பிள்ளைகளுக்குச் சொன்ன ஆசிகள் மட்டும் செல்லும், மற்றதெல்லாம் ரத்து. உன்னைச் சாப்பாட்டைக் குறைக்கச் சொன்னதும் சேர்த்துத்தான்.